முதல் டிரையத்லான்: எதற்குப் பயப்பட வேண்டும்?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் ஓய்வில்லாமல் முடிக்கும் போட்டி டிரையத்லான். 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோவில், ஓட்டக்காரர் சங்கம் ஒன்று வேலை நாள் மாலையில் விளையாட்டாக நடத்தியதுதான் இந்தப் பெயரில் நடந்த ஆரம்பகாலப் போட்டி. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அது பதக்கப் போட்டியாகிவிட்டது. இன்று நம் ஊர்களிலும் அலுவலகம் போய்வருகிற சாதாரண மனிதர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள்கூட, பெயர் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பலருடைய பயிற்சியும் பயமும் தூரத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஆபத்து இருப்பது வேறு இடத்தில்.

எந்தத் தூரத்தில் தொடங்குவது?

டிரையத்லான் என்றதும் நினைவுக்கு வருவது அயர்ன்மேன்: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். முதல் முறை போகிறவருக்கு அது வேண்டாத வேலை. 'ஸ்பிரின்ட்' என்ற சிறிய வகை இருக்கிறது. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஓரளவு நீந்தத் தெரிந்து, 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடக்கூடியவருக்கு மூன்று மாதம் ஒழுங்கான பயிற்சி போதும். லட்ச ரூபாய் சைக்கிளும் தேவையில்லை. பிரேக் சரியாக வேலை செய்து, இருக்கை உங்கள் உயரத்துக்குப் பொருந்தினால் வீட்டிலிருக்கும் கியர் சைக்கிளே போதும். ஹெல்மெட்டில் மட்டும் சமரசம் கூடாது. நிறுத்தத்திலிருந்து சைக்கிளை எடுக்கும் முன்பே ஹெல்மெட்டின் பட்டையை மாட்டியிருக்க வேண்டும் என்பது போட்டி விதி.

தண்ணீரில் முதல் சில நிமிடங்கள்

அமெரிக்க டிரையத்லான் போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த மரணங்களையும் திடீர் இதயநிறுத்தங்களையும் திரட்டிய மருத்துவ ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. மொத்தம் 135 பேர். கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் லட்சத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு, ஆகவே அலற வேண்டியதில்லை. ஆனால் அந்த 135 பேரில் 90 பேருக்கு அது நடந்தது நீச்சலின்போது. பெரும்பாலோர் நடுவயது ஆண்கள். முதல் டிரையத்லானிலேயே இப்படிப் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களில் கணிசம்.

ஏன் தண்ணீரில்? நீச்சல் குளத்தில் அடியில் கறுப்புக் கோடு தெரியும், களைத்தால் பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கும். ஏரியிலோ கடலிலோ ஒன்றும் தெரியாது. ஊதல் அடித்தவுடன் நூறு பேர் ஒன்றாகப் பாய்வார்கள். ஒருவர் கை முதுகில் விழும், இன்னொருவர் கால் முகத்தில் படும். பதற்றத்தில் ஆரம்பத்திலேயே வேகமெடுத்து, மூச்சை வெளியே விடாமல் அடக்கிக்கொள்வார் புதியவர். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். இதயத்தில் ஏற்கெனவே அறியாத கோளாறு இருந்தால் இந்தத் திடீர்ச் சுமை அதைத் தூண்டிவிடக்கூடும்.

இதற்கு மருந்து பயிற்சியில்தான் இருக்கிறது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சைத் தொடர்ந்து வெளியே விடப் பழகுங்கள். மூச்சு முட்டினால் உடனே மல்லாந்து மிதந்து, நிதானமானதும் திரும்பி நீந்துவதை ஒவ்வொரு பயிற்சியிலும் செய்து பாருங்கள். ஃப்ரீஸ்டைல்தான் நீந்த வேண்டும் என்று விதி இல்லை. களைத்தால் மிதவையையோ நிற்கிற படகையோ பிடித்து ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். தொடங்கும்போது கூட்டத்தின் ஓரத்தில் நின்று, முன்வரிசை போன பிறகு இறங்குங்கள். இழப்பது அரை நிமிடம்.

சிறுவயதில் கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவர்களுக்கு ஆழத்தைக் கண்டு பயம் இருக்காது, அது பெரிய பலம். ஆனால் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்தும் அந்தப் பழக்கத்தில் இடுப்பு தாழ்ந்துவிடும், கழுத்து வலிக்கும், 750 மீட்டர் முடிவதற்குள் தெம்பு போய்விடும். ஒரு பயிற்சியாளரிடம் சில வாரங்கள் போய் அதை மாற்றிக்கொள்வது நல்லது. திறந்த நீரில் பழகும்போது கூட்டமாக, மீட்பவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே இறங்குங்கள். நம் கடலில் நீரோட்டம் எப்போது இழுக்கும் என்று கரையில் நின்று சொல்ல முடியாது. இருமலோடு நுரைத்த, இளஞ்சிவப்புச் சளி வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். உடனே கையை உயர்த்தி உதவி கேட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

சைக்கிளை விட்டு இறங்கிய கால்கள்

சைக்கிள் மிதித்து இறங்கியதும் ஓட ஆரம்பித்தால் கால்கள் உங்களுடையவை போலவே இருக்காது. கனக்கும், தடுமாறும். சில நிமிடங்களில் சரியாகிவிடும். வாரத்தில் ஒரு நாள் சைக்கிள் முடித்த கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழகினால் போட்டியன்று திகைக்க மாட்டீர்கள்.

வெயில் கடைசியில்தான் வரும்

நம் ஊர்க்காரர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடிவிட்டு, மீதி நாளைக் குளிரூட்டிய அறையில் கழிக்கிறார்கள். போட்டியில் ஓட்டம் வருவது கடைசியில். அதற்குள் சூரியன் ஏறியிருக்கும், உடலும் ஏற்கெனவே சூடாகி வியர்வை இழந்திருக்கும். ஆகவே போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் சில ஓட்டங்களையாவது காலை எட்டு மணி வெயிலுக்கு மாற்றி, மெதுவாகப் பழக்க வேண்டும்.

வெயில் யாரையும் விடாது. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் நடந்த டிரையத்லானில், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த பிரிட்டன் வீரர் ஜானி பிரவுன்லீ எல்லைக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்பு தள்ளாடி நின்றுவிட்டார். பின்னால் வந்த அவருடைய அண்ணன் அலிஸ்டர், லண்டனிலும் ரியோவிலும் தங்கம் வென்றவர், தம்பியைத் தோளில் தாங்கி எல்லைவரை கொண்டுசேர்த்தார். ஜானியும் ஒலிம்பிக் பதக்கக்காரர்தான், அவருக்கே இந்தக் கதி.

பேச்சு குழறுவது, திசை தெரியாமல் தள்ளாடுவது, சம்பந்தமில்லாமல் எரிச்சல்படுவது, உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது எல்லாம் வெப்பத் தாக்குதலின் அடையாளங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல் பாதிக்கப்பட்டவரை நிழலுக்குக் கொண்டுபோய் ஐஸ் தண்ணீரில் அமர்த்துங்கள், அல்லது உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தண்ணீர் பாட்டிலும் வலி மாத்திரையும்

வியர்க்கிறதே என்று வழியெல்லாம் வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளுவதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்புவரை போகலாம். 2002 பாஸ்டன் மராத்தானில் பரிசோதித்த ஓட்டக்காரர்களில் சுமார் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக ஓடி, அதிகம் குடித்தவர்களுக்கே அது கூடுதல். தாகத்துக்குக் குடியுங்கள், அது போதும். முட்டி வலிக்கு முன்னெச்சரிக்கையாக டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓடும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். நீரிழப்போடு சேர்ந்தால் அவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

கட்டணம் கட்டும் முன்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளம்வயது மாரடைப்போ திடீர் மரணமோ கண்டவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஈசிஜி எடுக்க வேண்டுமா, டிரெட்மில் சோதனை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். உழைக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்திருந்தால் வயது எதுவானாலும் அதைச் சொல்லிவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் பயிற்சி நாளுக்கான அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போட்டிக்கு முந்தைய வாரம் காய்ச்சல் வந்தால் அந்த முறை போகாதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும், அடுத்த ஆண்டும் போட்டி நடக்கும்.