தக்காளி பூக்குது... காய்க்க மாட்டேங்குதா? கள்ளக்குறிச்சி மாடிகளில் நடப்பது இதுதான்!

ஏப்ரல், மே வந்தால் கள்ளக்குறிச்சி மாடித்தோட்டங்களில் தக்காளிச் செடி தளதளன்னு நிக்கும், பூவும் கொத்துக் கொத்தா வரும். ஆனா, காம்பின் கணு மஞ்சளாகி எல்லாம் உதிர்ந்துடும். உடனே உரத்தைக் கொட்டாதீங்க. தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும்.

தக்காளிப் பூவில் ஆண், பெண் பாகங்கள் இரண்டும் உண்டு. ஆனால் மகரந்தம் குழல் போன்ற பைக்குள் அடைபட்டிருக்கும். பூ அதிர்ந்தால்தான் கொட்டும். வயலில் காற்று அசைக்கும். நீலவரித் தேனீயும் தச்சுத் தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிட்டே உலுக்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது!

சுவர் சூழ்ந்த மாடியில் காற்றும் குறைவு, இந்த வண்டினமும் குறைவு. அதனால் காலை 9 முதல் 11 மணிக்குள் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடலாம். எலக்ட்ரிக் டூத் பிரஷ் இருந்தால் காம்பில் ஒரு நொடி வைத்தாலே போதும்.

ஆனால் பகலில் 35 டிகிரி, இரவில் 24 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தமே வீரியம் இழக்கும். அப்புறம் எத்தனை சுண்டினாலும் வீண்தான். பக்கத்துக் கல்வராயன் மலையில் இரவு குளிர்வதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. கீழே நிழல்வலை கட்டினால் மதிய வெயில் தணியும், இரவுப் புழுக்கம் தணியாது. நவம்பரில் நாற்று நட்டால் டிசம்பர், ஜனவரி குளிரில் பூக்கும்.