களைப்பும் மனச்சோர்வும் ஒன்றா? ஒப்பிடும் முன் ஒரு சோதனை

மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் பி.எச்.கியூ-9 என்ற வினாத்தாள் 2001-இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எவ்வளவு அடிக்கடி இருந்தது என்று கேட்டு, 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு இருக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. நான்காவது கேள்வி களைப்பைப் பற்றியது. இந்தத் தாளோடு ஓர் ஆய்வாளர் மரக்காணம் உப்பளத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண் கூசும் வெயிலில், பாத்தியில் படிந்த உப்பை நீண்ட கம்பு பொருத்திய பலகையால் வாரி வரப்பில் குவிப்பவருக்கும், அதைக் கூடையில் தலைச்சுமையாகத் தூக்குபவருக்கும் களைப்பில்லாத நாள் ஏது? அங்கே 3 மதிப்பெண் விழுந்துவிடும். புழுக்கம் தூக்கத்தையும் பசியையும் கெடுத்தால், அவற்றைப் பற்றிய கேள்விகளிலும் எண் ஏறும். மனம் திடமாக இருப்பவர்கூடப் பத்தை நெருங்கிவிடுவார். அதே தாளை விழுப்புரத்து அலுவலக ஊழியர்களிடம் கொடுத்து, இரண்டு சராசரிகளையும் அருகருகே வைத்து, ‘உப்பளத்தில் மனச்சோர்வு அதிகம்’ என்று எழுதினால், அது மனத்தைப் பற்றிய முடிவா, உழைப்பைப் பற்றிய முடிவா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கென்றே புள்ளியியலில் ஒரு துறை இருக்கிறது. உளவியல் அளவுகோல்களை வெவ்வேறு குழுக்களிடையே நேர்மையாக ஒப்பிடுவது எப்படி என்று பலர் அதில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார்கள். அளவீட்டு மாறாமை என்பது அதன் மையக் கருத்து. உப்புத் தொழிலிலேயே இதற்கு உதாரணம் உண்டு. உப்புநீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் அளக்கும் மிதவைக் கருவியில், கடல்நீர் மூன்று டிகிரி அளவில் இருக்கும். ஏறத்தாழ இருபத்தைந்தை எட்டினால் உப்பு படியத் தொடங்கும். நீர் சூடேறினால் அடர்த்தி குறைந்து, கருவி சற்றுக் கூடுதலாக மூழ்கிக் குறைந்த எண்ணைக் காட்டும். கரைந்திருக்கும் உப்பு அதேதான். எண் மட்டும் வேறு. வெப்பத்துக்கு ஏற்பத் திருத்தாமல் காலை எண்ணையும் மதிய எண்ணையும் ஒப்பிட முடியாது. வினாத்தாளுக்கும் இது பொருந்தும். ஒரே அளவு மனச்சோர்வு உள்ள இருவர், எந்தக் குழுவைச் சேர்ந்தவராக இருந்தாலும், ஒரே மாதிரியான மதிப்பெண் பெற வேண்டும். பெறாவிட்டால் சராசரிகளின் வித்தியாசத்துக்குப் பொருள் கிடையாது.

இதைச் சோதிக்கும் வழியை, பல குழுக்களின் விடைகளை ஒரே நேரத்தில் பகுப்பாய்வு செய்யும் முறையாக, ஸ்வீடன் புள்ளியியலாளர் கார்ல் யோரெஸ்கோக் 1971-இல் வகுத்தார். இன்று அது படிப்படியாக நடக்கிறது. முதலில், கேள்விகள் இரு குழுக்களிலும் ஒரே விதமாகக் கொத்துக் கொத்தாகச் சேர்கின்றனவா என்று பார்ப்பார்கள். அடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் மனச்சோர்வோடு உள்ள பிணைப்பு இரு பக்கமும் சம வலுவுடையதா என்று பார்ப்பார்கள். மூன்றாவது படிதான் கடினமானது: மனச்சோர்வு ஒரே அளவில் இருக்கும்போது, ஒரு கேள்விக்கான மதிப்பெண் ஒரு குழுவில் மட்டும் தானாகவே உயர்ந்து நிற்கிறதா? உப்பளத்தில் களைப்புக் கேள்வி தடுக்கி விழக்கூடிய இடம் இதுதான். இந்தப் படியைத் தாண்டிய பிறகே சராசரிகளை ஒப்பிடலாம்.

இது வெறும் ஏட்டுக் கவலை அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. வளரும் நாடுகளில் முதியோரின் மறதிநோயை ஆராய்ந்த 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு, 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகளை 2008-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டது. இந்தியாவில் சென்னையும் வேலூர்க் கிராமங்களும் அதில் இடம்பெற்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறைப்படி எண்ணியபோது, இந்தியக் கிராமப்புறத்தில் மறதிநோய் 0.3 விழுக்காடு, கியூபாவில் 6.3 விழுக்காடு. வெவ்வேறு நாடுகளிலும், படித்தவர் படிக்காதவர் இரு தரப்பிலும் முன்பே சோதித்துத் திருத்திய தங்கள் சொந்த முறைப்படி எண்ணியபோது, எல்லா இடங்களும் 5.6-க்கும் 11.7-க்கும் இடையே வந்துவிட்டன. வளர்ச்சி குறைந்த இடங்களில் குடும்பத்தார் முதியவரின் நினைவுத் தளர்ச்சியையும் அன்றாடத் தடுமாற்றத்தையும் குறைவாகவே சொன்னார்கள் என்பதையும் அந்த ஆய்வு கண்டது. வயதானால் மறக்கத்தான் செய்யும் என்று எடுத்துக்கொள்ளும் வீட்டில், வேலைகளெல்லாம் மருமகள் கைக்குப் போன பிறகு, பாட்டியின் தடுமாற்றம் யார் கண்ணில் படும்? முதல் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் நம் கிராமங்களில் மறதிநோயே இல்லை என்று முடிவுகட்டியிருப்போம். உதவி தேவைப்பட்டவர்கள் கணக்கிலேயே வராமல் போயிருப்பார்கள்.

நல்ல மொழிபெயர்ப்பு இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1977-இல் வந்த ஓர் அமெரிக்க மனச்சோர்வு வினாத்தாளில் அழுகையைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. ஒரே அளவு மனச்சோர்வுள்ள ஆணையும் பெண்ணையும் கேட்டால், அழுததாகப் பெண்ணே அதிகம் சொல்கிறார் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருவரும் பேசுவது ஒரே மொழிதான். இன்னொரு கேள்வி கனமானது: களைப்பைக் கணக்கில் திருத்திவிட்டால் தொழிலாளியின் துன்பத்தையே மறைத்ததாகாதா? ஆகாது, துன்பத்துக்கு அதன் சரியான பெயரைச் சொல்வதுதான் இந்தத் திருத்தம். உடல் களைப்புக்கு மருந்து நிழலும் குடிநீரும் ஓய்வும் நியாயமான கூலியும். அதை மனநோய் என்று எழுதிவைத்தால் முதலாளிக்கும் அரசுக்கும் உள்ள பொறுப்பு தொழிலாளியின் தலையில் விழுந்துவிடும். உண்மையிலேயே மனம் உடைந்தவரும் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோவார்.

சோதனையில் தோற்றால் ஒப்பீட்டையே கைவிட வேண்டுமா என்பது ஆய்வாளர்களின் கவலை. அதுவும் தேவையில்லை. பிசகும் கேள்விகளை மட்டும் தனியாக நடத்தி, மற்றவற்றை வைத்து ஒப்பிடும் முறை 1989 முதலே இருக்கிறது. ஆனால் எந்தக் கேள்வி பிசகுகிறது என்றுதான் எண் சொல்லும். ஏன் என்பதை, விடை சொன்னவரிடம் உட்கார்ந்து பேசித்தான் அறிய வேண்டும். கடலோரம், மலை, நகரம் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே வாழ்க்கை இத்தனை விதமாக இருக்கும்போது, தமிழில் ஒரு வினாத்தாள் வந்துவிட்டதாலேயே அது எல்லோருக்கும் பொருந்திவிடாது. எனவே இரு குழுக்களின் மனநிலையை ஒப்பிடும் எந்த ஆய்வேட்டிடமும் எந்த அரசு அறிக்கையிடமும் நாம் முதலில் கேட்க வேண்டியது, அளவுகோல் இருவருக்கும் ஒன்றுதானா என்று சோதித்தீர்களா என்பதே. அதற்கு விடை இல்லாத அறிக்கையை நம்பித் திட்டம் தீட்டக் கூடாது.