அந்தமானில் ஒரு வாரம்: பஞ்சாங்கம் பார்த்துப் போக வேண்டிய இரண்டு தீவுகள்

சென்னையில் விமானம் ஏறினால் சுமார் இரண்டே கால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அந்த ஊரின் கடைத்தெருவில் சிறிது நேரம் நின்றாலே தமிழ் காதில் விழும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, அந்தமான் நிக்கோபாரில் வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்தபடியாக அதிகம் பேருக்குத் தாய்மொழி தமிழ்தான். இத்தனை அருகில் இருக்கும் தீவுகளுக்கு நம்மூர்க் குடும்பங்கள் பெரும்பாலும் கோயில் சுற்றுலா பாணியில் போய் வருகின்றன. நாளுக்கு மூன்று இடம், இடத்துக்கு ஒரு மணி நேரம், மறுநாள் அதிகாலையில் அடுத்த படகு என்று ஓடுகிறார்கள். திரும்பி வரும்போது உடம்பில் அசதிதான் மிச்சம்.

ஒரு வாரம் கையில் இருந்தால் இரண்டு தீவுகள் போதும்: ஹேவ்லாக், நீல். எந்த இடத்தை எந்த நாளில், எந்த நேரத்தில் பார்ப்பது என்பதைக் கடலின் ஏற்ற வற்றத்தைப் பார்த்து முடிவு செய்தால், அதே செலவில் இரண்டு மடங்கு அனுபவம் கிடைக்கும்.

ஏன் இந்த இரண்டு?

1857 எழுச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷ் தளபதிகளின் பெயர்களைச் சுமந்த தீவுகள் இவை. ஒருவர் ஹென்றி ஹேவ்லாக். மற்றவர் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையை நடத்திய ஜேம்ஸ் நீல். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையை அகற்றக் கோரி 1927-ல் சத்தியாகிரகம் நடந்தது. ராஜாஜி மந்திரிசபை அமைந்த 1937-ல் சிலை அங்கிருந்து எடுக்கப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. தீவின் பெயர் மாற 2018 டிசம்பர் 30 வரை ஆனது. அன்றுதான் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது. பேச்சுவழக்கில் பழைய பெயர்கள் இன்னும் புழங்குவதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டிலும் வாழ்பவர்களில் பெரும்பாலானோர் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஹேவ்லாக்கில் கோவிந்த் நகர், ராதா நகர், கிருஷ்ணா நகர் என்றும், நீலில் சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர் என்றும் ஊர்ப் பெயர்கள் இருப்பதற்கு அதுவே காரணம். ஒரு தீவு கண்ணன் கதையிலிருந்தும் மற்றது ராமாயணத்திலிருந்தும் பெயர் எடுத்துக்கொண்டது.

குணத்தில் இரண்டுக்கும் ஒட்டே கிடையாது. ஹேவ்லாக் பெரியது, அடர்ந்த காடு கொண்டது. ஸ்கூபா டைவிங் பள்ளிகள், விடுதிகள், உணவகங்கள் எல்லாம் அங்கேதான் அதிகம். அதன் மேற்குக் கரையில் இருக்கும் ராதாநகர் கடற்கரையை 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது. நீல் சிறியது, பெரும்பாலும் சமதரை. வயலும் வாழையும் காய்கறித் தோட்டமுமாக இருக்கும். போர்ட் பிளேர் சந்தைக்குக் காய்கறி போவது அங்கிருந்துதான். ஒரு ஸ்கூட்டரோ சைக்கிளோ வாடகைக்கு எடுத்தால் தீவு முழுவதையும் ஒரே நாளில் சுற்றிவிடலாம். முதலில் ஹேவ்லாக், பிறகு நீல் என்று போனால் பயணம் பரபரப்பில் தொடங்கி நிதானத்தில் முடியும்.

அஷ்டமியில் கிளம்புங்கள்

அந்தமான் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறும், இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் குறைந்து, நீரோட்டம் தணிந்திருக்கும். நம் மீனவர்களுக்கு இது அன்றாடப் பாடம். சுற்றுலாப் பயணி மட்டும் இதைக் கேட்பதில்லை.

கேட்டால் என்ன லாபம்? டைவிங்குக்கு நீரோட்டம் குறைந்த, கலங்காத நீர் வேண்டும். நீல் தீவின் இயற்கைப் பாலத்தைப் பார்க்கக் கடல் நன்றாக வற்றியிருக்க வேண்டும். ஹேவ்லாக்கின் அலையாத்திக் காட்டில் இரவில் கயாக் ஓட்டி, துடுப்பு பட்ட இடமெல்லாம் நீலப் பொறி பறப்பதைப் பார்க்க நிலா இல்லாத வானம் வேண்டும். நுண்ணுயிர்கள் வெளியிடும் அந்த ஒளி நிலவொளியில் எடுபடாது.

மூன்றும் ஒரே வாரத்தில் அமைய வழி உண்டு. தேய்பிறை அஷ்டமி அல்லது நவமியில் கிளம்பி அமாவாசைக்குள் திரும்புங்கள். முதல் மூன்று நாள் ஹேவ்லாக்கில் நீரோட்டம் மிதமாக இருக்கும். தேய்பிறை நிலா நள்ளிரவுக்கு மேல்தான் உதிக்கும் என்பதால் முன்னிரவு இருட்டு கயாக்குக்குத் தோதாக இருக்கும். நீலுக்குப் போகும் நாட்களில் அமாவாசை நெருங்க நெருங்க வற்றமும் ஆழமாகும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும், இந்த வாரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். எத்தனை மணிக்கு வற்றம் என்பதை மட்டும் கடலேற்ற அட்டவணையிலோ விடுதிக்காரரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. கடல் அமைதியாக இருக்கும், நீர் தெளிந்திருக்கும். மே நடுவிலிருந்து தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். இந்தியாவில் அது முதலில் கால் வைப்பதே இந்தத் தீவுக்கூட்டத்தில்தான்.

ஏழு நாள் எப்படி?

முதல் நாள் காலை விமானத்தில் இறங்கி, பிற்பகல் படகில் நேரே ஹேவ்லாக். அங்கே மூன்று இரவு. நான்காம் நாள் படகில் நீல், அங்கே இரண்டு இரவு. ஆறாம் நாள் போர்ட் பிளேர் திரும்பி அங்கே ஒரு இரவு. ஏழாம் நாள் வீடு. காலை விமானம் கிடைக்காவிட்டால் முதல் இரவை போர்ட் பிளேரில் கழித்துவிட்டு ஹேவ்லாக்கில் ஒரு இரவைக் குறைத்துக்கொள்ளலாம்.

கடைசி இரவு போர்ட் பிளேரில் இருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். செல்லுலார் சிறையை அன்று மாலை பார்க்கலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வானிலை. 'அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வு நிலை' என்று செய்தியில் கேட்டால் நமக்கு மழை வருமா என்றுதான் பார்ப்போம். அந்த நேரத்தில் அங்கே படகுகள் நின்றுபோயிருக்கும். 2016 டிசம்பரில் இந்த இரண்டு தீவுகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டு, கடற்படை வந்து மீட்க வேண்டியதாயிற்று. தீவிலிருந்து படகில் வந்து அன்றே விமானம் பிடிக்கும் திட்டம் ஒரு காற்றுக்குத் தாங்காது.

விமான டிக்கெட்டுக்கு அடுத்து எடுக்க வேண்டியது படகு டிக்கெட். விடுதி அதற்குப் பிறகுதான். அரசுப் படகு மலிவு, ஹேவ்லாக் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம். ஹேவ்லாக்கிலிருந்து நீல் ஏறக்குறைய ஒரு மணி நேரம். டிசம்பர், ஜனவரி விடுமுறையில் இருக்கைகள் வேகமாகத் தீரும். இரண்டு தீவுகளுக்கு இடையேயான அந்த நடுப் படகு கிடைக்காவிட்டால் திட்டம் முழுவதும் குலைந்துபோகும் என்பதால் அதை முதலில் உறுதி செய்யுங்கள்.

இன்னொன்று, சூரியன். நம் கடிகார நேரம்தான் அங்கேயும். ஆனால் தீவுகள் வெகு கிழக்கே இருப்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். காலை ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். ஒன்பது மணிக்கு எழுந்து பத்தரைக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பாதி நாள் போய்விடும். ராதாநகரில் அஸ்தமனம் பார்க்க நான்கு மணிக்கே அங்கே இருங்கள். கரையை ஒட்டிய உயரமான காட்டு மரங்களின் நிழலில் உட்கார்ந்து, வெயில் தணிந்ததும் மணலில் இறங்கலாம்.

தண்ணீருக்குள்ளே

நீச்சல் தெரியாதவர்களும் பயிற்சியாளரின் துணையோடு ஹேவ்லாக்கில் டைவிங் செய்யலாம். முதலில் ஆழமற்ற நீரில் மூச்சு விடவும் முகமூடியில் புகுந்த நீரை வெளியேற்றவும் சொல்லித் தருவார்கள். சளி பிடித்திருந்தாலோ காது அடைத்திருந்தாலோ இறங்கக் கூடாது. ஆழத்தில் காதுக்குள் அழுத்தம் சமனாகாமல் செவிப்பறை பாதிக்கப்படலாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே இறங்க வேண்டும். டைவிங்கில் உடலில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் தேவை. அதனால் டைவிங் முடிந்து 18 மணி நேரமாவது கழித்தே விமானம் ஏறுவது பாதுகாப்பானது. டைவிங்கை இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வைத்துக்கொள்வது இதற்கும் நல்லது.

டைவிங் வேண்டாம் என்பவர்களுக்கு எலிஃபன்ட் கடற்கரை இருக்கிறது. படகிலும் போகலாம், காட்டு வழியாக நடந்தும் போகலாம். நெஞ்சளவு நீரில் முகமூடி அணிந்து குனிந்தாலே மீன் கூட்டம் தெரியும்.

நீல் தீவில் தண்ணீருக்குள் இறங்காமலேயே கடலடியைப் பார்க்கலாம். லக்ஷ்மண்பூர் பக்கம் இயற்கைப் பாலத்துக்குப் போகும் வழி முழுக்கப் பவளப் பாறைத் திட்டு. கடல் வற்றியதும் பாறைக் குழிகளில் நீர் தேங்கி நிற்கும். ஒரு குழியின் ஓரத்தில் அசையாமல் குந்திப் பாருங்கள். முதலில் கல்லும் பாசியும்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் கல் என்று நினைத்த ஒன்று மெல்ல நகரும், அது கடல் அட்டை. பாறை இடுக்கிலிருந்து விரல் நீள மீன் ஒன்று தலையை நீட்டிவிட்டு உள்ளே போகும். ஒரு காலிச் சங்கு நடக்கத் தொடங்கும், உள்ளே சங்கு நண்டு. பாறையில் பதிந்த சிப்பியின் நெளிநெளியான நீல உதடு, நம் நிழல் பட்டதும் சட்டென்று மூடும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதற்கு முழுதாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நழுவாத செருப்பு அவசியம். ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து நீர் ஏறியதும் பரத்பூர் கடற்கரையில் குளிக்கலாம், கண்ணாடி அடித்தளப் படகில் போகலாம். வரிசையை மாற்றினால் இரண்டு இடத்திலும் ஏமாற்றம்தான்.

தீவுக்கு நாம் தர வேண்டியது

2011 கணக்கில் ஹேவ்லாக்கின் மக்கள்தொகை ஆறாயிரத்துச் சொச்சம், நீலில் மூவாயிரம் பேர். குடிநீர், மின்சாரம், குப்பை அகற்றல் எல்லாம் அந்த அளவுக்குத்தான். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டு போய் விடுதியில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். சிலவே உண்டு, கையில் பணம் இருக்கட்டும். 2020-ல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் போன பிறகு இணையம் மேம்பட்டாலும், படகு, விடுதிச் சீட்டுகளை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். பல வகைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஒரு மிதியில் உடைவது பல ஆண்டு வளர்ச்சி. கரையில் கிடக்கும் பவளத்தையும் சிப்பியையும் எடுத்து வருவது கூடாது, விமான நிலையத்தில் பறிமுதல் ஆகும். உப்புநீர் முதலைகள் வாழும் கடல் இது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், ஓடை கடலில் கலக்கும் முகத்துவாரங்களிலும் குளிக்கக் கூடாது.

ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுச் சாலையில் வாகன வரிசையாகப் போய் வரும் பயணத்தைப் பல ஏற்பாட்டாளர்கள் திட்டத்தில் சேர்க்கிறார்கள். காட்டில் தம் போக்கில் வாழும் மனிதர்களைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பது சுற்றுலா ஆகாது. அந்த நாளை நீல் தீவுக்குக் கொடுங்கள்.

ஆக, திட்டத்தின் சாரம் இதுதான்: தேய்பிறை அஷ்டமியைப் பார்த்துத் தேதியைக் குறியுங்கள். நடுப் படகை உறுதி செய்யுங்கள். டைவிங்கை முன்னால் வையுங்கள், கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வையுங்கள். மீதி நேரத்தைக் காலியாகவே விடுங்கள். கடலோரத்தில் ஒன்றும் செய்யாமல் உட்காரும் பிற்பகல்களுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டிப் போகிறோம். அவற்றை எந்தப் பட்டியலுக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.