ஒன்பது நாள் அவகாசம்

கண்ணிகளின் கதை – 7

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது மூவார். மரச்சாமான் வியாபாரிகளுக்கு நன்கு தெரிந்த ஊர். மலேசியாவிலிருந்து கப்பலேறும் கட்டில், மேசை, நாற்காலிகளில் பெரும்பங்கு இங்கேதான் செய்யப்படுகிறது. 2021 ஆகஸ்டில் உலகத்தின் கார் கம்பெனிகளும் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

எஸ்.டி.மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலை மூவாரில் இருக்கிறது. தொழிலாளர்களிடையே கொரோனா பரவியதால் அங்கே வேலை முடங்கியது. சிப் வரவில்லை, காரணம் மூவார் என்று, கார் பாகங்கள் செய்யும் போஷின் சீனப் பிரிவில் உயர்பொறுப்பில் இருந்தவரே சமூக ஊடகத்தில் எழுதினார். கார் கம்பெனி போஷிடம் வாங்குகிறது, போஷ் சிப் கம்பெனியிடம் வாங்குகிறது, சிப்பைப் பொதிந்து சோதித்து அனுப்பும் கடைசி வேலை மூவாரில் நடக்கிறது. மூன்றாவது படியில் பூட்டு விழுந்தால் முதல் படியில் இருப்பவருக்குக் கடைசியில்தான் தெரியும். மலேசியாவிலிருந்து பாகம் வரவில்லை என்று ஃபோர்டு அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி ஆலையில் ஒரு வாரம் வேலையை நிறுத்தியது. நிசான் டென்னசியில் இரண்டு வாரம் நிறுத்தியது.

டொயோட்டாவின் கதை சற்று வேறு. 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, தங்கள் பாகங்கள் எங்கெங்கிருந்து வருகின்றன என்பதே தங்களுக்கு முழுதாகத் தெரியவில்லை என்பதை அந்த நிறுவனம் உணர்ந்தது. அதன்பின் படிப்படியாக விசாரித்துப் பட்டியல் போட்டது. இரண்டு முதல் ஆறு மாதத்துக்கான சிப்பைக் கையிருப்பில் வைக்கும்படி சப்ளையர்களைக் கேட்டது. 2021 தொடக்கத்தில் மற்றவர்கள் திணறியபோது டொயோட்டா தாக்குப்பிடித்தது இதனால்தான். செப்டம்பரில் அதுவும் உலக உற்பத்தியை 40 சதவீதம் குறைக்க நேர்ந்தது. ஆனால் இடையில் கிடைத்த அந்த மாதங்கள், பத்தாண்டுக்கு முன் உட்கார்ந்து பட்டியல் போட்டதன் பலன்.

சங்கிலியை இப்படி முன்கூட்டியே அறிந்து வைப்பதைத் தொழில் தலைவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல பாடம் இல்லை என்று சொல்லத்தக்க ஒன்றை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன் உருவாக்கினார்கள். பெயர் பீர் விளையாட்டு. ஒரு மேசையில் நான்கு பேர்: கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை. பக்கத்தில் இருப்பவருக்கு ஆர்டர் சீட்டை நகர்த்தலாம், பேசக்கூடாது. கேட்ட சரக்கு சில வாரம் கழித்துத்தான் வந்து சேரும். வாடிக்கையாளர் முதலில் வாரம் 4 பெட்டி கேட்கிறார், பிறகு 8 கேட்கிறார். அதன்பின் கடைசிவரை 8தான். நடந்தது அந்த ஒரே ஒரு மாற்றம்.

அதற்குள் மேசையில் பெரும் குழப்பம். சரக்கு வரவில்லையே என்ற பதற்றத்தில் கடைக்காரர் கூடுதலாகக் கேட்பார்; அதைப் பார்த்து மொத்த வியாபாரி இன்னும் கூடுதலாகக் கேட்பார். சில வாரத்தில் எல்லாம் சேர்ந்து வந்து கிடங்கு வழியும். ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் கேட்ட அளவை வரைந்து காட்டுங்கள் என்பார்கள். பலரும் அலையலையாக ஏறி இறங்கும் கோட்டை வரைவார்கள். உண்மையான கோடு ஒரே ஒரு படி ஏறி, அப்படியே நேராகப் போகும். அலையை எழுப்பியது தாங்களே என்று புரியும் அந்தக் கணத்துக்காகத்தான் இந்தப் பயிற்சி. புத்தகத்தில் படித்தால் அது வராது.

ஜோகூரில் இந்த விளையாட்டை நடத்துபவர்கள் பீருக்குப் பதில் கோழியை வைத்து ஆடலாம் என்பது என் யோசனை. அதற்கு இந்த மண்ணிலேயே நடந்த கணக்கு இருக்கிறது. 2022 மே 23, திங்கட்கிழமை. உள்நாட்டில் கோழி தட்டுப்பாடு, விலை ஏற்றம். ஆகவே ஜூன் 1 முதல் மாதம் 36 லட்சம் கோழி வரை ஏற்றுமதி நிறுத்தப்படும் என்று மலேசிய அரசு அறிவித்தது. சிங்கப்பூர் சாப்பிடும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்து, பெரும்பாலும் உயிரோடு, லாரியில் எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அவகாசம் ஒன்பது நாள். கறிக்கோழி வளர ஏறத்தாழ ஐந்து வாரம். அறிவிப்பு வந்த அன்று பண்ணையில் பதினைந்து நாள் குஞ்சு நின்றிருந்தால், அது எடைக்கு வரும்போது சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தின் வழி அடைபட்டிருக்கும். குஞ்சைப் பாதியில் நிறுத்த முடியாது; தீவனம் போட்டுத்தான் ஆக வேண்டும். தீவனத்துக்கான சோளமும் சோயாவும் வெளிநாட்டுச் சரக்கு, உக்ரைன் போரால் விலை ஏறியிருந்தது. சிங்கப்பூருக்கு பிரேசிலின் உறைகோழி இருந்தது, தாய்லாந்து இருந்தது. அக்கரையில் இருக்கும் சிங்கப்பூரை மட்டுமே நம்பியிருந்த பண்ணைக்காரருக்கு வேறு யார் இருந்தார்கள்? கறிக்கோழி ஏற்றுமதி மீண்டும் தொடங்க அக்டோபர் ஆயிற்று. சரக்கு வராமல் போவதை மட்டுமே தடங்கல் என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள், சரக்கு போகாமல் நிற்பதை விட்டுவிடுகின்றன.

2020 மார்ச்சில் இந்த அவகாசம்கூட இல்லை. 16ஆம் தேதி இரவு கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிப்பு, 18ஆம் தேதி அமல். சரக்கு லாரிகளுக்குப் பாலம் திறந்திருந்தது, தினமும் அக்கரைக்கு வேலைக்குப் போய்வந்தவர்களுக்கு மூடியது.

பயிற்சிக்கு மலேசியாவில் இடமும் பணமும் உண்டு. எம்.ஐ.டி.யோடு சேர்ந்து ஷா ஆலமில் 2011-ல் விநியோகச் சங்கிலிக்கென்றே ஒரு கல்விக்கழகம் தொடங்கினார்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத்தில் 1 சதவீதத்தை மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாகக் கட்டுகிறார்கள். அதைப் பயிற்சிக்குத் திரும்பப் பெறலாம். அந்த விளையாட்டு மேசையில் மேலாளரை மட்டும் உட்கார வைத்துவிட்டு முதலாளி வெளியே இருக்கக் கூடாது. கிடங்குக்காரரும் லாரி அனுப்புபவரும் கூடவே இருக்க வேண்டும். எந்தச் சரக்கு எத்தனை நாளைக்கு வரும் என்று ஏட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

பயிற்சி இப்படித் தொடங்கட்டும்: எல்லோர் கையிலும் ஒரே தாள். தேதி மே 23. கொட்டகையில் பதினைந்து நாள் குஞ்சுகள், தீவனம் பத்து நாளைக்கு, வங்கிக் கடன் தவணை ஜூன் முதல் வாரம், அக்கரையில் ஒரே ஒரு வாங்குபவர். முதல் போன் யாருக்கு, என்ன கேட்பீர்கள்? கடிகாரத்தை வைத்து இருபது நிமிடத்தில் பதில் வாங்க வேண்டும்.