அப்பாவின் நிலமும் பழைய ஐ.பி.யும்
சொத்தும் சொந்தமும் – 14

வடகாடு பக்கத்துத் தேங்காய் வியாபாரி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது, தோப்புக்காரர்களுக்கு இவர் கொடுத்திருந்த முன்பணமும் மண்ணோடு போயிற்று. வட்டி ஏறியது. சார்பு நீதிமன்றத்தில் ஐ.பி. (திவால் மனு) போட்டார், கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்கு மஞ்சள் கடுதாசி போனது. வாசலில் வந்து நின்றவர்கள் நின்றுபோனார்கள். இவரும் திருப்பூருக்குப் போய்விட்டார். இப்போது அப்பா இறந்துவிட்டார். அவர் தன் உழைப்பில் வாங்கிய 3 ஏக்கர் இருக்கிறது, தென்னையும் பலாவுமாக. உயில் இல்லை. அம்மா, இவர், தங்கை மூன்று பேரும் வாரிசு. ஆளுக்கு ஓர் ஏக்கர்.

கருமாதி முடிந்ததும் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை மாற்றிவிட்டால் போதும் என்றுதான் குடும்பம் நினைக்கும். அம்மாவின் பங்குக்கும் தங்கையின் பங்குக்கும் அது சரி. மகனின் ஏக்கருக்கு மட்டும் முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அந்த ஐ.பி. என்ன ஆயிற்று?

பலருக்கு இது தெரியாது. மனுப் போட்டதோடு சரி, வக்கீலையும் மறந்திருப்பார்கள். நீதிமன்றத்தில் ஐ.பி. எண்ணைக் கொடுத்து, நகல் மனுப் போட்டு உத்தரவைக் கையில் வாங்க வேண்டும். மனு தள்ளுபடியாகியிருந்தால் இவர் சட்டப்படி திவாலானவரே இல்லை. நிலம் இவருடையது; பழைய கடனும் கெடு தாண்டாதவரை இவருடையதே. திவாலானவர் என்று அறிவித்து, பிறகு விடுவிப்பு உத்தரவும் வந்திருந்தால் அதற்குப் பின் வந்த சொத்தில் பழைய கடன்காரர் கைவைக்க முடியாது. சர்க்கார் பாக்கி, மோசடியால் வந்த கடன் போன்ற சில மட்டும் விலக்கு.

அறிவிப்பு உண்டு, விடுவிப்பு இல்லை என்ற நிலையில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம், 28-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு: அறிவிப்புக்குப் பிறகு, விடுவிப்புக்கு முன்பு, திவாலானவருக்கு எந்தச் சொத்து வந்தாலும் அது அந்தக் கணமே நீதிமன்றத்தையோ அது நியமித்த ரிசீவரையோ சேரும். அப்பாவின் மூச்சு நின்ற நேரத்தில் அந்த ஒரு ஏக்கர் மகனிடம் வந்து, அப்போதே கைமாறியும் விடுகிறது.

இங்கேதான் பாசத்தோடு ஒரு தவறு நடக்கிறது. "என் பங்கைத் தங்கச்சிக்கே விட்டுக்கொடுத்துடறேன்" என்று அண்ணன் விடுதலைப் பத்திரம் எழுதுகிறார். தன்னிடம் இல்லாததை அவர் எப்படி விட முடியும்? பத்திரம் பதிவானாலும் ரிசீவரைக் கட்டுப்படுத்தாது. நாளை வழக்கு வந்தால் அலைவது தங்கைதான். அப்பா உயிரோடு இருந்தபோது தன் சுயசம்பாத்தியத்தைப் பேரப்பிள்ளைகள் பேரில் உயில் எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது மகன் வழியாக எதுவும் இறங்காது, ரிசீவருக்கு அதில் வேலை இல்லை. பூர்வீகச் சொத்துக்கு இந்த வழி உதவாது. அதில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு.

அதற்காக ஏக்கர் முழுதும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கடனும் செலவும் தீர்ந்து மிச்சம் இருந்தால் அது இவருக்கே திரும்ப வேண்டும் என்கிறது 67-ஆம் பிரிவு. கடன் 4 லட்சம், நிலம் 15 லட்சம் பெறும் என்றால் ரிசீவர் மூலம் கணக்கை முடித்துக்கொள்வதுதான் லாபம்.

விடுவிப்பு மனுவை இனியும் தள்ளிப்போடாதீர்கள். சொத்து மதிப்பு கடனில் ரூபாய்க்கு எட்டணாவுக்குக் கூடத் தேறாவிட்டால் நிபந்தனையில்லாத விடுவிப்பை மறுக்க வேண்டும் என்கிறது 42-ஆம் பிரிவு. ஆனால் தன் குற்றமில்லாத காரணத்தால் அப்படி ஆயிற்று என்று காட்டினால் அந்தத் தடை நீங்கும். கஜாவைவிட வேறென்ன காரணம் வேண்டும்? விழுந்த மரத்துக்கு வி.ஏ.ஓ. எடுத்த கணக்கு, நிவாரணம் வந்த பாஸ்புக், முன்பணம் கொடுத்த நோட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பெரும்பாலும் ஓராண்டில் விடுவிப்பு தானாகவே கிடைக்கிறது. அமெரிக்காவில் சாதாரணமாக மனுப் போட்ட 180 நாளுக்குள் வரும் வாரிசுச் சொத்துதான் கடன்காரருக்குப் போகும். நம் 1920 சட்டத்தில் விடுவிப்பு தானாக வராது, நீதிமன்றம் குறித்த கெடுவுக்குள் கேட்டால்தான் உண்டு. விடுவிக்கப்படாதவர் நிலைமையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம் என்ற பிரிவு இன்னும் அதில் இருக்கிறது. 2016-இன் புதிய திவால் சட்டம் ஓராண்டில் விடுவிப்புக் கேட்க வழி வைத்தது. தனிநபர்களில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் அது 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தேங்காய் வியாபாரிக்கு வரவில்லை. பெரிய முதலாளிக்குத் திறந்த கதவை இவருக்கு ஏன் சாத்தி வைக்க வேண்டும்?

ஐ.பி. கொடுத்தவரே இறந்துபோனால்? நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னாலொழிய, சொத்தைத் திரட்டிப் பங்கிடும் அளவுக்கு வழக்கு தொடரும். பிள்ளைகள் தம் சம்பளத்திலிருந்து தர வேண்டியதில்லை. இறந்தவரின் சொத்து எவ்வளவு கைக்கு வந்ததோ அந்த அளவுக்கே பொறுப்பு. அப்பன் கடனை மகன் தீர்ப்பது புண்ணியக் கடமை என்ற பழைய இந்து சட்டக் கோட்பாட்டை வைத்து மட்டும் வழக்குத் தொடுக்க, 2005 செப்டம்பர் 9-க்குப் பின் வாங்கிய கடன்களுக்கு இடமில்லை. கடன்காரர் வீட்டுக்கு வந்து, "எழுதிக் குடுத்துடு தம்பி" என்று புதுப் புரோநோட்டை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் அது உங்கள் கடன்.

(அடுத்த வாரம்: கூட்டுறவு வங்கியில் அடகு வைத்த நகை, வைத்தவர் இறந்த பின்)