முருங்கைக்கீரை: இரும்புச்சத்து உடலில் சேரும் வழி

இந்தியில் சஹஜன், மராத்தியில் சேவ்கா, தெலுங்கில் முனக என வழங்கும் முருங்கை, இமயமலை அடிவாரத்தைத் தாயகமாகக் கொண்டது. இன்று நாட்டின் பல பகுதிகளில் கொல்லையிலும் வேலியோரத்திலும் வளரும் இம்மரத்தின் கீரையை, எளிதில் கிடைப்பதாலேயே நம்மில் பலர் பொருட்படுத்துவதில்லை.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இரும்புச்சத்துக் குறைபாடு இதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று. முருங்கைக்கீரையில் இரும்புடன் சுண்ணாம்புச்சத்தும், உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டினும் உள்ளன.

ஆயினும், தாவர உணவிலுள்ள இரும்பில் ஒரு சிறு பகுதியையே நம் உடல் ஏற்றுக்கொள்கிறது. வைட்டமின் சி உடனிருந்தால் அப்பகுதி கூடும். கீரையில் இயல்பாக உள்ள வைட்டமின் சி சமைக்கும்போது பெரிதும் குறைந்துவிடுவதால், இறக்கி வைத்தபின் எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம்; உணவோடு நெல்லிக்காயோ கொய்யாவோ உண்ணலாம். தேநீரும் காபியும் இரும்பு சேர்வதைத் தடுப்பவை. ஆதலால் உணவுக்குப்பின் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தவிர்ப்போம். பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது என்பதால் சிறிது எண்ணெயில் வதக்குதல் நன்று. வேகவைத்த நீரைக் கொட்டாமல் ரசத்தில் சேர்க்கலாம்.

கீரை மருந்துக்கு மாற்றன்று. தொடர்ந்த சோர்வோ மூச்சிரைப்போ இருப்பின், ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதிப்பது அவசியம். மருத்துவர் இரும்பு மாத்திரை தந்தால் அதைத் தவறாது உட்கொள்வோம். கீரையை அதற்குத் துணையாகக் கொள்வோம்.