ஒழுகும் குழாயும் ஒரு தீர்ப்பும்

சமையலறைக் குழாய் ஒழுகினால் அதன் கீழ் ஒரு சட்டியை வைத்துவிட்டு மௌனமாயிருப்பது எம்மவர் பலரின் வழக்கம். முறையிட்டால் வீட்டுக்காரர் வெளியேற்றிவிடுவாரோ என்ற அச்சமே இதற்குக் காரணம். இருக்க இடம் கிடைத்ததே போதும் என நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

நொடிக்கு ஒரு துளி ஒழுகும் குழாய் ஆண்டுக்கு 3,000 கலனுக்கு மேல் நீரை வீணாக்கும் என்கிறது அமெரிக்க சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம். இரு கைப்பிடிகளுள்ள பழைய குழாயாயின், பெரும்பாலும் றப்பர் வாசர் தேய்ந்திருக்கும். தொட்டியின் கீழுள்ள வால்வை மூடி, மீதி நீரை வடியவிட்டு, கைப்பிடியையும் தண்டையும் கழற்றி, அதேயளவு புதிய வாசரைப் பொருத்தினால் போதும்.

ஆயினும் வாடகை வீட்டில் முதலிற் செய்யவேண்டியது உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிப்பதே. 1969இல், எமது நியூ ஜேர்சியின் கம்டன் நகரில் வாடகைக்கு இருந்த ஒரு பெண், கழிப்பறை ஒழுகுவதை அறிவிக்கப் பலமுறை முயன்றும் பயனின்றி, 85.72 டொலர் செலவில் தாமே அதைத் திருத்துவித்தார். 95 டொலர் வாடகையில் அத்தொகையைக் கழித்து, பற்றுச்சீட்டுடன் 9.28 டொலரை அனுப்பினார். உரிமையாளர் அவரை வெளியேற்ற வழக்குத் தொடுத்தார். மரினி எதிர் அயர்லாந்து எனப்படும் அவ்வழக்கில், இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் உரிய காலத்தில் திருத்தாவிடின், அவருக்கு அறிவித்தபின் குடியிருப்பவர் அவற்றைத் திருத்திச் செலவை வாடகையிற் கழிக்கலாம் என மாநில உச்ச நீதிமன்றம் 1970இல் தீர்ப்பளித்தது.

ஒவ்வொரு சொட்டுக்கும் வாடகையைக் குறைக்கலாம் என்பது இதன் பொருளன்று. மாநிலத்துக்கு மாநிலம் விதிகளும் வேறுபடும். கடிதத்தின் பிரதியையும் பற்றுச்சீட்டையும் பேணிவைப்போம். உரிமையைக் கேட்பது நன்றிகேடாகாது.